காற்றுக்கு ஏங்கும் வண்டி



எங்கள் தெரு மிகக் குறுகியது. கடலோர ஊர்களின் பழைய தெருக்களை அறிந்தவர்களுக்கு அதனை விளக்க வேண்டியதில்லை. எதிரெதிர் வீட்டுத் திண்ணைகளில் அமர்ந்திருப்போர் குரலை உயர்த்தாமலே உரையாடலாம். ஒரு வண்டி உள்ளே நுழைந்தால் மற்றொரு வண்டி தெரு முனையில் காத்து நிற்க வேண்டும்.

அத்தெருவில், சென்ற ஆண்டு வரை, நாள்தோறும் வைகறை நான்கு மணிக்கு ஒரு சரக்கு வண்டி உறுமத் தொடங்கும். பிக்கப் என்று நாம் அழைக்கும் சிறிய டீசல் வண்டிதான். அதன் உரிமையாளர் எதிர்வீட்டு இளைஞர். வண்டியைக் கிளப்பி, ஆக்சிலேட்டரை நாலைந்து முறை அழுத்தி மிதித்துவிட்டு, வீட்டினுள் சென்று தேநீர் அருந்தி வருவார். அதற்குக் கால் மணி நேரம் ஆகும். அதுவரை பின்புறக் குழாயிலிருந்து எழும் கரும்புகை, காற்றோட்டமில்லாத அக்குறுகிய தெருவில் கலைய வழியின்றி, நேரெதிர்ச் சன்னலுக்குள் புகுந்துகொண்டிருக்கும்.

அந்தச் சன்னல் என் வீட்டுச் சன்னல். அதன் உட்புறம் உறங்குபவள் என் ஆறு வயதுப் பேத்தி. அவளுக்கு இளைப்பு நோய் உண்டு.

நான் என்ன செய்தேன் என்பதை ஒளிக்காமல் கூறிவிடுகிறேன். சன்னலை ஓசை எழ அடைத்தேன். இரண்டு மூன்று நாட்கள் அவ்வாறே செய்தேன். அதையே ஒரு கண்டனமாகக் கருதிக்கொண்டேன். ஆனால் தெருவைக் கடந்து சென்று, "தம்பி, இப்புகை என் பேத்திக்கு ஆகவில்லை" என்று ஒரு சொல் கூறவில்லை. மாறாக, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திற்கு ஒரு புகார் மனுவை எழுதி, உறையிலிட்டு, மேசையின் மீது வைத்திருந்தேன்.

அன்று மாலையே அந்த இளைஞர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"காக்கா, வண்டி புகை கக்குகிறது. ஏற்றத்தில் இழுக்க மறுக்கிறது. இன்ஜினைப் பிரித்து வேலை பார்க்க வேண்டும், 70,000 ரூபாய் ஆகும் என்று பட்டறையில் சொல்கிறார்கள். கையில் பணமில்லை. வீட்டில் எஞ்சியிருப்பது ஒரே ஒரு சங்கிலிதான். அதையும் அடகு வைக்க மனமில்லை. தாங்கள் ஏதேனும் கைமாற்றாகத் தர இயலுமா?"

ஒன்பது ஆண்டுகள் சவுதியில் உழைத்து ஊர் திரும்பிய பிள்ளை அவர். சேமிப்பையும் மனைவியின் நகைகளையும் ஒன்றுசேர்த்து, இருமுறை கைமாறிய அந்த வண்டியை வாங்கியிருந்தார். மீன் பெட்டிகளையும் பனிக்கட்டியையும் ஏற்றி மதுரைக்குச் சென்று வருவதே பிழைப்பு. அவர் பேசிக்கொண்டிருந்தபோது, மேசை மீதிருந்த அந்த உறையை நான் என் கையால் மறைத்துக்கொண்டேன்.

வாசகர்களே! புகையைக் கண்டு நான் சினந்தேன். அப்புகைக்குள் ஒரு குடும்பத்தின் கவலையும் சேர்ந்து எரிந்துகொண்டிருந்ததை நான் கண்டேனில்லை. எனவே மறுநாள் அவருடன் நானும் புறப்பட்டேன். அரசுப் போக்குவரத்துக் கழகப் பணிமனையில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற முதியவர் ஒருவர், பக்கத்து ஊரில் சிறிய பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் சென்றோம். அன்று அங்கே கற்றுக்கொண்டவற்றைத் தங்களுடன் பகிர்ந்துகொள்வதே இம்மாதக் கட்டுரையின் நோக்கம்.

முதியவர் வண்டியைத் தொடவில்லை. முதலில் மூன்று கேள்விகள் கேட்டார்.

"புகையின் நிறம் என்ன?"

"கருப்பு."

"இன்ஜின் ஆயில் குறைகிறதா?"

"இல்லை."

"புகை எப்போது வருகிறது? நின்றபடி உறுமும்போதா, சுமையோடு ஏற்றம் ஏறும்போதா?"

"இரண்டிலும் வருகிறது. ஏற்றத்தில் மிகுதி."

பின்னர் இன்ஜினை ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து பார்த்தார். உள்ளிருந்து புகை வீசவில்லை. "ஆயில் குறையவில்லை, நீலப் புகை இல்லை, இங்கேயும் வீச்சு இல்லை. பிறகு எதற்காக இன்ஜினைப் பிரிக்க வேண்டும்?" என்றார். இளைஞரின் முகத்தில் அப்போது தோன்றிய ஒளியை நான் மறக்க இயலாது.

புகையின் நிறத்திற்குப் பொருள் உண்டு என்பதை நம்மில் பலர் அறிவதில்லை. நீல நிறப் புகை வந்தால் இன்ஜின் ஆயில் எரிகிறது என்று பொருள். தேய்மானத்தின் அறிகுறி அது. வெண்புகை நீடித்து வந்தால், டீசல் எரியாமல் ஆவியாகவே வெளியேறுகிறது, அல்லது குளிர்விக்கும் நீர் உள்ளே கசிகிறது என்று கொள்ளலாம். கரும்புகையோ வேறு வகை. உள்ளே செல்லும் டீசலுக்கு ஏற்ற காற்று கிடைக்கவில்லை, அல்லது டீசல் சரியாகத் தூவப்படவில்லை என்பதே அதன் செய்தி. பாதி எரிந்த டீசலின் கரியே அந்தக் கருமை.

டீசல் இன்ஜினின் இயல்பை அறிந்தால் இது எளிதில் விளங்கும். ஜெர்மானியப் பொறியாளர் ருடால்ப் டீசல் 1897-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் நகரில் வெற்றிகரமாக இயக்கிக் காட்டிய இன்ஜினில் தீப்பொறி மூட்டும் பிளக் கிடையாது. காற்றை மட்டும் உள்ளிழுத்து மிகக் கடுமையாக அழுத்தினால், அக்காற்று 500 டிகிரி செல்சியசுக்கும் மேல் சூடாகும். அந்நேரத்தில் டீசலை நுண்ணிய துளிகளாகத் தூவினால் அது தானே பற்றிக்கொள்ளும். இன்றைய டீசல் வண்டிகள் அனைத்தும் இந்த அடிப்படையிலேயே இயங்குகின்றன. ஆகவே அவற்றுக்குக் காற்றே உயிர்.

எவ்வளவு காற்று வேண்டும் என்று எண்ணுகிறீர்கள்? ஒரு கிலோ டீசல் முழுமையாக எரிய ஏறத்தாழ பதினான்கரை கிலோ காற்று தேவை. லிட்டர்க் கணக்கில் கூறினால், ஒரு லிட்டர் டீசலுக்குக் குறைந்தது ஏறத்தாழ 10,000 லிட்டர் காற்று வேண்டும். வளர்ந்த மனிதர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் உள்ளிழுக்கும் காற்றும் ஏறக்குறைய அதே அளவுதான். அந்தக் காற்றுக்கு வழி அடைபட்டால், மூச்சுத் திணறும் பிள்ளையைப் போலவே வண்டியும் திணறுகிறது. தெருவின் ஒரு புறத்தில் காற்றுக்கு ஏங்கும் வண்டி. மறுபுறத்தில் அதன் புகையால் காற்றுக்கு ஏங்கும் குழந்தை. அன்று அந்தப் பட்டறையில் நின்றபோது இதனை நினைத்து என் மனம் கனத்தது.

முதியவர் ஏர் பில்டரைக் கழற்றினார். மடிப்பு மடிப்பாக இருந்த அந்தத் தாளில் புழுதி அப்பிக் கிடந்தது. உள்ளே ஒரு டார்ச் விளக்கை வைத்து ஏற்றினார். நல்ல பில்டராயின் வெளிச்சம் மறுபுறம் தெரியும். இதில் ஒரு கீற்றும் தெரியவில்லை. அடுத்து, டர்போவிலிருந்து காற்றைக் கொண்டு செல்லும் ரப்பர்க் குழாயைத் தடவிப் பார்த்தார். அடிப்பக்கத்தில், கிளிப் இறுக்கியிருந்த இடத்திற்கு அருகே, விரல் நீளத்திற்கு ஒரு வெடிப்பு. அதைச் சுற்றிலும் ஆயிலும் அழுக்கும் படிந்திருந்தன. சுமையோடு வண்டி இழுக்கும்போது அவ்வெடிப்பு விரிந்து, உள்ளே செல்ல வேண்டிய காற்று வெளியேறிவிடும். டீசலோ தன் அளவில் பாய்ந்துகொண்டிருக்கும். ஏற்றத்தில் இழுவை குறைந்ததற்கும் புகை மிகுந்ததற்கும் காரணம் இதுவே.

"நின்றபடி உறுமும்போது வரும் புகைக்குக் காரணம் வேறு" என்றார் அவர். டீசலைத் தூவும் நாசில்கள் தேய்ந்திருந்தால், டீசல் பனிபோல் பரவாது, சொட்டாக ஒழுகும். சொட்டு எரிந்து முடிவதற்குள் வெளியேறிவிடும். நாசில்களைக் கழற்றி, பம்பு நாசில் பழுது பார்க்கும் கடையில் சோதிக்கச் செய்தார். நான்கில் இரண்டு ஒழுகின. ஏர் பில்டர், ரப்பர்க் குழாய், நாசில் வேலை ஆகிய அனைத்திற்கும் சேர்த்து ஆன செலவு 13,000 ரூபாய்க்குள் அடங்கியது. அதில் ஒரு பகுதியை நான் கைமாற்றாகக் கொடுத்தேன். சங்கிலி கழுத்திலேயே இருந்தது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் இக்கட்டுரைக்குத் தேவையே இல்லை. முதியவர் கைகளைத் துடைத்துக்கொண்டு, கடைசியாக ஒன்று கேட்டார்: "எவ்வளவு ஏற்றுகிறாய்?"

இளைஞர் தலை குனிந்தார். ஆர்.சி. புத்தகத்தின்படி அவ்வண்டி ஏற்றக்கூடிய சுமை 1,250 கிலோ. அவர் ஏற்றி வந்தது இரண்டு டன்னுக்கும் மேல். "ஏற்ற மறுத்தால் வியாபாரி அடுத்த வண்டியை அழைத்துக்கொள்வார்" என்றார்.

"சுமை கூடினால் நீ காலை முழுவதும் அழுத்துவாய். அழுத்தினால் டீசல் மிகுதியாகப் பாயும். கியரை இறக்காமல் இழுத்தால் இன்னும் மோசம். இன்று நான் செய்த வேலை ஆறு மாதம்கூட நிற்காது" என்றார் முதியவர்.

இந்த இடத்தில்தான் உண்மையான சோதனை இருக்கிறது. பில்டரை மாற்றுவது எளிது; பழக்கத்தை மாற்றுவது எளிதன்று. அந்த இளைஞர் சுமையைக் குறைத்தார். ஒரு வியாபாரி விலகிச் சென்றார். முன்பு லிட்டருக்கு 9 கிலோமீட்டர் ஓடிய வண்டி இப்போது 12 ஓடுகிறது. டீசலில் மிச்சமாகும் பணம், இழந்த வாடகையை முழுவதுமாக ஈடு செய்யவில்லை என்று அவரே என்னிடம் கூறினார். "ஆனால் வழியில் நின்றுவிடுமோ என்ற அச்சம் இல்லை, காக்கா" என்றும் கூறினார். நன்மை செய்தால் உடனே கைமேல் இலாபம் கிட்டும் என்று தங்களிடம் பொய்யுரைக்க நான் விரும்பவில்லை.

ஓட்டுநர்களிடையே ஒரு தவறான நம்பிக்கை உண்டு. கரும்புகை கக்கினால்தான் வண்டிக்கு இழுவை மிகுதி என்பார்கள். சில பட்டறைகளில் பழைய வகைப் பம்புகளின் திருகைத் திருகி, டீசல் அளவைக் கூட்டியும் விடுகிறார்கள். இந்நோய் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவில், பிக்கப் வண்டிகளிலிருந்து வேண்டுமென்றே கரும்புகையைக் கக்கச் செய்து மகிழும் கூட்டமே உண்டு. அதனைத் தடை செய்து நியூ ஜெர்சி மாநிலம் 2015-இல் சட்டம் இயற்றியது. 2020-க்கு முந்தைய பத்தாண்டுகளில் ஐந்தரை லட்சத்துக்கும் மேற்பட்ட டீசல் பிக்கப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகள் முடக்கப்பட்டிருந்தன என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது. அவர்கள் விளையாட்டுக்காகச் செய்கிறார்கள். நம்மவர் பிழைப்புக்காகவும் அறியாமையாலும் செய்கிறார்கள். மூச்சுக் குழாய்க்கோ இவ்வேறுபாடு தெரியாது.

அப்புகை உடலுக்குள் என்ன செய்கிறது? கரித்துகள்கள் மிகமிக நுண்ணியவை. ஒரு தலைமுடியின் பருமனில் ஐம்பதில் ஒரு பங்குகூட இல்லாதவை அவற்றுள் ஏராளம். மூக்கின் மயிரிழைகளும் தொண்டையின் ஈரமும் அவற்றைத் தடுப்பதில்லை. நுரையீரலின் கடைக்கோடிக் காற்றறைகள் வரை சென்று படிகின்றன. நாம் மூக்கில் பொத்திக்கொள்ளும் கைக்குட்டையும் அவற்றைத் தடுக்காது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2012-ஆம் ஆண்டு ஜூன் மாதம், டீசல் புகையை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது உறுதியானவற்றின் பட்டியலில் சேர்த்தது. இளைப்பு உள்ளவர்களுக்கு அது மூச்சுக் குழாயைச் சுருங்கச் செய்கிறது. குழந்தைகள் தம் எடைக்கு ஏற்பப் பார்த்தால் பெரியவர்களைவிட மிகுதியாகக் காற்றை உள்ளிழுக்கிறார்கள். மேலும், தெருவில் நிற்கும் ஒரு சிறு பிள்ளையின் மூக்கு, வண்டியின் புகைக் குழாய்க்கு நம்மைக் காட்டிலும் எவ்வளவு அருகில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, பதிவு செய்து ஓராண்டு கடந்த ஒவ்வொரு வண்டிக்கும் புகைச் சோதனைச் சான்று இருக்க வேண்டும். டீசல் வண்டியாயின், நின்ற நிலையில் ஆக்சிலேட்டரை முழுதும் அழுத்தி, வெளிவரும் புகை ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்று கருவியால் அளப்பார்கள். விதியை மீறினால், 2019-இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி 10,000 ரூபாய் வரை அபராதமும், மூன்று மாதம் வரை சிறையும் விதிக்க இடமுண்டு.

அந்த இளைஞரிடமும் சான்று இருந்தது. வண்டியைக் கொண்டு செல்லாமலே பெற்ற சான்று! "எல்லோரும் அப்படித்தானே வாங்குகிறார்கள், காக்கா" என்றார். அந்தத் தாளுக்காக அவர் செலுத்திய சிறு தொகை, உண்மையான சோதனைக்காகச் செலுத்தப்பட்டிருந்தால், வண்டியின் நோய் பல மாதங்களுக்கு முன்பே வெளிப்பட்டிருக்கும். எரியாமல் வீணான டீசலின் விலையை நினைத்தால், பொய்ச் சான்று மலிவானது அன்று என்பது புரியும்.

வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்குச் சில வேண்டுகோள்கள். கரும்புகை கண்டவுடன் இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். முதலில் ஏர் பில்டரையும், பின்னர் காற்றுக் குழாய்களையும், அதன்பின் நாசில்களையும் பார்க்கச் சொல்லுங்கள். செலவு குறைந்ததிலிருந்து செலவு மிகுந்ததை நோக்கிச் செல்வதே அறிவுடைமை. நம்பகமில்லாத இடத்தில் டீசல் நிரப்பாதீர்கள். காலையில் வண்டியைக் கிளப்பியதும் கால் மணி நேரம் உறுமவிட வேண்டியதில்லை. ஒரு நிமிடம் போதும். பின்னர் மெதுவாக ஓட்டிச் சென்றாலே இன்ஜின் சூடேறிவிடும்.

2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிப்படி வெளிவந்த டீசல் வண்டிகளில், கரியைப் பிடித்துவைத்து எரித்துவிடும் வடிகட்டி புகைக் குழாயிலேயே பொருத்தப்பட்டுள்ளது. டீசலிலும் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அவ்வடிகட்டி அடைத்துக்கொண்டு விளக்கு எரிகிறது என்பதற்காக, அதைக் கழற்றி எறியச் சொல்லும் பட்டறைகள் உண்டு. அப்பேச்சுக்கு இணங்காதீர்கள். அது பெரும்பாலும் நெடுஞ்சாலையில் சிறிது நேரம் சீரான வேகத்தில் ஓட்டினாலே தன்னைத் தூய்மை செய்துகொள்ளும். வண்டியின் கையேடு அதற்குரிய முறையைக் கூறும்.

வண்டி இல்லாத வாசகர்களுக்கு ஒரே வேண்டுகோள்தான். அதனை எனக்கே கூறிக்கொள்வதாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரின் புகை தங்களை வருத்தினால், சன்னலை அடைப்பதற்கு முன் தெருவைக் கடந்து செல்லுங்கள். மனு எழுதுவதற்கு முன் ஒரு சொல் பேசுங்கள். பேசியும் பயனில்லையென்றால் சட்டத்தின் கதவு திறந்தே இருக்கிறது. நான் முதற்படியைத் தாண்டி இரண்டாம் படியில் கால் வைத்தேன். அந்த இளைஞர் கடன் கேட்டு வந்திராவிட்டால், உறையும் அஞ்சலில் சென்றிருக்கும். அவருடைய வண்டி அலுவலக வாசலில் நின்றிருக்கும். ரப்பர்க் குழாயின் வெடிப்பை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் பேத்தியின் இளைப்பு முற்றிலும் நீங்கிவிட்டதா? இல்லை. புகை மட்டுமே அதற்குக் காரணமன்று. தூசியும் குளிரும் உண்டு, மருந்து தொடர வேண்டும் என்று மருத்துவர் கூறியிருக்கிறார். ஆயினும் விடியற்காலையில் அவள் இருமிக்கொண்டு எழுவது குறைந்திருக்கிறது. இப்போது அந்த இளைஞர் வண்டியைத் தெரு முனையில் நிறுத்திவைத்து, அங்கிருந்தே கிளப்பிச் செல்கிறார். நான் கேட்டுக்கொள்ளாமலே அவராகச் செய்த ஏற்பாடு அது.

அந்த மனுவை நான் கிழித்துவிடவில்லை. மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். யார் மீதேனும் சினம் எழும்போது எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டுச் சன்னல் இப்போது இரவெல்லாம் திறந்திருக்கிறது.